ரொட்டி வேனில் வந்த மாமன் சீர்

என் அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் யாரும் இல்லை. அதனால் எனக்கு அத்தை கிடையாது. ஒன்பது, பத்து வயதில் இது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. என்னோடு படித்த பிள்ளைகளுக்கெல்லாம் பினாங்கில் ஒரு அத்தை, சுங்கைப் பட்டாணியில் ஒரு அத்தை என்று ஊருக்கு ஊர் அத்தைகள் இருந்தார்கள். விடுமுறை விட்டதும் அத்தை வீட்டுக்குப் போவார்கள். திரும்பும்போது ஒரு புதுக் கவுனும் அத்தையைப் பற்றி நாலு புகாருமாக வந்து இறங்குவார்கள். எனக்குப் புகார் சொல்லக்கூட ஓர் அத்தை இல்லை. இந்தக் குறையை என் அம்மா ஒரே நாளில் தீர்த்துவைத்தார். அப்பாவின் சம்மதத்தை அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

அப்போது நாங்கள் பண்டார் பாருவுக்குப் போகும் சாலையோரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, வரிசை வீடுகளாக இருந்த ஒரு சின்னத் தாமானில் குடியிருந்தோம். எண்பதுகளின் கடைசி வருடங்கள். அப்பா ரொட்டி வேன் ஓட்டினார். தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள், ஆற்றோரத்து மலாய்க்காரர் கிராமங்களான கம்பங்கள் எல்லாம் சுற்றி ரொட்டியும் தேங்காய் ஜாம் வைத்த காயா பன்னும் விற்பது அவர் வேலை. கூவி விற்கத் தெரியாத கூச்ச சுபாவம். அவருக்காக வேனின் ஹாரன்தான் பேசும். அதைக் கேட்டால் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஓடிவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடுவார். அங்கே மட்டும்தான் அவர் குரல் வெளியே கேட்கும். அம்மா அதற்கு நேர்மாறு. தோட்டத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்து, அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு சபைக்கு வந்தவர். ஞானஸ்நானம் வாங்கியும் அவருடைய வாய் மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது என்று அப்பா, அம்மா காதில் விழாத தூரத்தில் சொல்வதுண்டு.

எங்கள் வரிசையின் கடைசி வீடு ஒரு லோரி டிரைவருடையது. தாய்லாந்து எல்லைவரை சரக்கு ஏற்றிப் போய்வருவார். ஊருக்கெல்லாம் அவர் லோரி அண்ணன், எனக்கு லோரி அங்கிள். தீபாவளிக்கு முதல் ஆளாகப் பட்டாசு வெடிப்பதும், யார் வீட்டில் சாமான் மாற்றினாலும் கூலி வாங்காமல் லோரியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அவர்தான். அவர் மெலிய ஆரம்பித்தார். இருமல் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எய்ட்ஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வார்த்தையை நாங்கள் டிவியில் மட்டும்தான் கேட்டிருந்தோம். வெள்ளைக்காரர்களுக்கு வருகிற ஏதோ ஒன்று, நம்மூர் பக்கம் அதற்கு வழி தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வழி தெரிந்து வந்ததும் ஊருக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. அவருக்கு அது எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவர் போனால் முடிவெட்டுகிறவர், கடையை மூடும் நேரம் என்றார். காப்பிக்கடையில் அவர் குடித்த கிளாஸைக் குப்பையில் போட்டார்கள். அவர் மனைவிக்கும் மகளுக்கும் நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சோதித்தே சொல்லியிருந்தார்கள், ஊர்தான் நம்பவில்லை. அந்த மகளை நான் அக்கா என்பேன். அக்கா பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்தார். மெல்ல மெல்ல லோரி அண்ணன் என்ற பெயரே ஊரில் இல்லாமல் போனது. ‘கடைசி வீட்டு ஆளு’ என்றார்கள். நானும் அவரை எதுவும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன்.

எங்கள் வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அப்பாதான் அவரை வேனின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மிஸி, வெள்ளை உடுப்புப் போட்ட தமிழ் நர்ஸ், அப்பாவைத் தனியே கூப்பிட்டு, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, துணி துவைத்துப் போட்டால் வராது என்று புரியும்படி சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் அம்மா வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை. தினமும் அந்த வீட்டுக்குக் கஞ்சியோ ரசமோ போனது. ஊரில் சில வீடுகள் எங்களிடம் ரொட்டி வாங்குவதை நிறுத்தின. அப்பா அந்த வாசல்களைத் தாண்டும்போது ஹாரனைக் கொஞ்சம் மெதுவாக அடிப்பார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அக்கா பெரிய மனுஷி ஆனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெரிய மனுஷி ஆனால் தாய்மாமன் வரவேண்டும். சீர் கொண்டுவரவேண்டும், மாலை போடவேண்டும், அவர் கொடுத்த சேலையைத்தான் பெண் உடுத்தவேண்டும். தாய்மாமன் இல்லாத சடங்கு சடங்கே இல்லை. அக்காவின் அம்மாவுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் பேராவில் ஏதோ தோட்டத்தில் இருந்தார்கள். அவர் மளிகைக்கடை டெலிபோனில் போய்ப் பேசினார். பெரியவருக்கு லீவு கிடைக்காதாம். சின்னவருக்கு மனைவி விடமாட்டாராம். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இருக்கிற சேலையைக் கட்டிவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்போரமாக உட்கார்ந்து அழுதார்.

அன்று அப்பா, அக்காவின் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியதும் அம்மாவிடம் வந்து நின்றார்.

“வேன்ல வரும்போது ஒண்ணு சொன்னாரு. வேற ஆசை எதுவும் இல்லண்ணே, எம் பிள்ளைக்கு முறையா எல்லாம் செஞ்சு, ஒரு தடவ அவள மாலையோட பாத்துட்டாப் போதும்னாரு. டாக்டரு அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராம்.”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “அப்ப நீங்கதான் மாமன்.”

அப்பா திடுக்கிட்டுப்போனார். “நான் எப்படி லா? நாம சபைக்குப் போறவங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாது.”

“மாமனா போகக்கூடாதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? அவங்களுக்கு வர்ற அண்ணன் இல்ல. உங்களுக்குத் தங்கச்சியே இல்ல. கணக்கு சரியாப் போச்சு.”

அம்மாவிடம் பேசி ஜெயித்த வரலாறு அப்பாவுக்குக் கிடையாது. நான் ஓரமாக நின்று, எனக்கு ஓர் அத்தை வந்துவிட்டார் என்பதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பலர் ‘பார்க்கலாம்’ என்றார்கள். வரமாட்டேன் என்பதற்கு அது மரியாதையான வார்த்தை. முகத்துக்கு நேராகச் சொன்னது நடுவீட்டுப் பெரியம்மா ஒருவர்தான். அந்தத் தாமானில் எந்த விசேஷம் நடந்தாலும் முன்னால் நிற்கிறவர் அவர். எந்தத் தாம்பாளம் எங்கே இருக்கவேண்டும், ஆரத்தியை யார் எடுக்கவேண்டும், எந்தக் கை முதலில் சந்தனம் தடவவேண்டும் என்று அவர் சொன்னால்தான் காரியம் நகரும். கொஞ்சம் பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது. மணவறையில் ஐயரையே திருத்தியவர். அவர் கையைப் பிசைந்துகொண்டு, “வீட்டுல பேரப்பிள்ளைங்க இருக்கும்மா. எனக்குப் பயமா இருக்கு. மனசுல எதுவும் வச்சுக்காத” என்றார். அம்மா, “சரிக்கா, பயப்படறத நான் தப்புன்னு சொல்லமாட்டேன். வேலி ஓரமா நின்னாவது பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வாடகைக்குப் பாத்திரம் கொடுப்பவர் எந்த வீடு என்று கேட்டுவிட்டு, தாம்பாளமெல்லாம் வெளியே போயிருக்கிறது என்றார். அப்பா வேனைத் திறந்து ரொட்டி அடுக்கும் தகரத் தட்டுகளை இறக்கினார். அம்மா புளி போட்டுத் தேய்த்தார். தேய்த்ததும் அவை வெள்ளித் தட்டு மாதிரி இருந்தன என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ரொட்டித் தட்டு மாதிரிதான் இருந்தன, கொஞ்சம் சுத்தமான ரொட்டித் தட்டு. ஒன்றில் சேலை, ஒன்றில் தேங்காய், மற்றவற்றில் பழம், வெற்றிலை பாக்கு, பூ, வளையல், லட்டு. ஒரு தட்டில் அப்பா தன் பங்காகக் காயா பன்னை அடுக்கிவைத்தார். மாமன் சீரில் பன் வைத்த வீடு கெடா மாநிலத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சடங்கன்று மேளம் இல்லை. சீர் சும்மா போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எனவே தட்டுகளை வேனில் வைத்து, நானும் அம்மாவும் பின்னால் உட்கார, அப்பா வேட்டி சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தாமானை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அம்மா விடவில்லை. “அடிங்க ஹாரனை” என்றார். அப்பா அடித்தார். ரொட்டி வந்துவிட்டது என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். உள்ளே ரொட்டிக்குப் பதில் பூவும் பழமும் இருப்பதைப் பார்த்தும் திரும்பிப் போகாமல் வேனுக்குப் பின்னாலேயே வந்தார்கள். பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் வந்தார்கள். கடைசி வீட்டு வாசலில் வேன் நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும்தான்.

அக்கா நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நடு அறையின் திரையை ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து அக்காவின் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். சட்டை அவர்மேல் துணிக்கொடியில் தொங்குவதுபோல் கிடந்தது. ஆனால் முகம் மழித்து, தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். முடிவெட்டுகிறவர் வராததால் முகம் மழித்துவிட்டது என் அப்பாதான்.

நாங்கள் தட்டுகளைக் கொண்டுபோய் வரிசையாக வைத்தோம். வேலி ஓரத்திலிருந்து பெரியம்மா எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

“அடியேய்! எட்டுத் தட்டா வச்சிருக்க? ரெட்டப்படையில எவளாவது சீர் வைப்பாளா?”

அம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, “எனக்கென்னக்கா தெரியும், நாங்க வேதக்காரங்க” என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் சடங்கின்போது என்னென்ன தட்டு வந்தது, எதில் எந்த நிறப் பட்டு இருந்தது, எந்த மாமா குடித்துவிட்டு வந்தார் என்றெல்லாம் அம்மா எனக்கு எத்தனையோ முறை கதை சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் எப்படி மறந்தார் என்று புரியவில்லை.

பெரியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு தவித்தார். அம்மா கண்டுகொள்ளவில்லை. மாலையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை அக்காவின் கழுத்தில் போட்டார். அது சரியாகவே விழுந்தது. பிறகு அம்மா ஆரத்தித் தட்டைக் கரைத்து எடுத்துவந்து அக்காவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சுற்றினார். சுற்றி முடித்து, மாமன் தட்டில் காசு போடுவதற்காக அப்பாவின் முன்னால் நீட்டினார். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், ஏதோ செய்யவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவர் கைகளைக் கோத்து, கண்களை மூடி, தலைகுனிந்து, சபையில் பாடும் அதே கனத்த குரலில், “ஆமென்” என்றார்.

நடு அறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. இருமலும் சிரிப்பும் கலந்து, நிறுத்த முடியாமல், கட்டில் கிறீச்சிட வந்தது.

“மச்சான்! இது சர்ச்சு இல்ல லா மச்சான், காசு போடுங்க!”

லோரி அண்ணன் பேசிய குரல்தான். பட்டாசு வெடிக்கும் அந்தப் பழைய குரல். அக்கா தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு பரவியது. அப்பா வெட்கத்தில் சிவந்து, சட்டைப் பையையும் இடுப்பையும் தடவிக் காசைத் தேடினார். வேட்டியில் பை ஏது?

பெரியம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “போதும்டி இந்தக் கூத்து! ஒரு பிள்ள வாழ்க்கையில ஒரு தடவ நடக்கறத இப்படியா கெடுப்பீங்க?” என்று சத்தம்போட்டுக்கொண்டே வாசல் கதவைத் தள்ளி உள்ளே வந்துவிட்டார். வந்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்கவேண்டும். ஒரு கணம் நின்றார். திரைக்கு அப்பால் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் கைகூப்பினார். பெரியம்மா சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலிப் பக்கம் திரும்பித் தன் மருமகளைக் கூப்பிட்டார். “ஏ புள்ள! வீட்டுல பித்தள தாம்பாளம் இருக்கு, வாழப்பழம் வச்சு எடுத்துட்டு வா. ஒம்போதாக்கணும்.”

ஒன்பதாவது தட்டு அவர் வீட்டிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே இன்னும் சில பெண்கள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாதிப் பேர் வேலியோடு நின்றுவிட்டார்கள். பெரியம்மாவே அன்று அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்கு அவருக்கு இன்னும் ஒரு வருடம் தேவைப்பட்டது. ஆனால் அக்காவின் கன்னத்தில் சந்தனம் தடவ முதலில் நீண்டது அவருடைய கைதான்.

தட்டில் இரட்டைப்படை வைத்ததும், காசு போடவேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதும், வேனைச் சுற்றவிட்டு ஊரைக் கூட்டியதும் அம்மா வேண்டுமென்றே செய்தவை என்று எனக்குப் புரிந்தபோது நான் காலேஜுக்குப் போய்விட்டேன். கேட்டதற்கு, “பயந்தவங்கள வா வான்னு கூப்பிட்டா வரமாட்டாங்க. தப்பாச் செஞ்சாத் தானா வருவாங்க” என்றார். என் அம்மா ஆறாம் வகுப்புவரை படித்தவர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

மாமன் வேஷம் அன்றோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அது வேஷம் இல்லை என்று அப்பா அன்றே புரிந்துகொண்டிருக்கிறார். சில மாதங்களில் அக்காவின் அப்பா இறந்தபோது பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. சபையின் பாடகர் குழு ஆண்கள் வந்து தூக்கினார்கள். அக்காவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. வளைகாப்புக்கு என் அம்மா முதல் வளையல் போட்டார். அக்காவின் மகனுக்குக் கோயிலில் காது குத்தியபோது, மொட்டைத் தலையோடு வீரிட்ட பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது என் அப்பா. அத்தைக்கு மூட்டுவலி வந்தபோது வேன் அவருக்கு ஓடியது. அப்பாவுக்குக் கண் மங்கி வேன் ஓட்ட முடியாமல் போனபோது, மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா தன் காரோடு வாசலில் வந்து நின்றார். ஹாரன் அடித்துத்தான் கூப்பிடுவார்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்தச் சடங்கன்று மத்தியானத்தை.

சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, “உள்ள இருக்கறவருக்குக் கொண்டுபோய்க் குடு” என்றார். நடு அறைவரை போவதற்குள் எனக்கு ஒரு யோசனை. என் அப்பா அக்காவுக்குத் தாய்மாமன். அப்படியென்றால் அக்காவின் அம்மா எனக்கு அத்தை. அத்தையின் வீட்டுக்காரர்? காலையில் அவர் என் அப்பாவை மச்சான் என்று கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தது. கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தட்டை வைத்தேன்.

“மாமா, சாப்பிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குப் பயமாகிவிட்டது. முறையைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்தேன். “அம்மா, அவர மாமான்னு கூப்பிடக் கூடாதா? அழறாரும்மா.”

அம்மா பரிமாறுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஈரக் கையாலேயே என் தலையைத் தடவினார்.

“அதுதான் முறை. போ, போய் இன்னொரு தரம் கூப்பிடு.”

நான் போய்க் கூப்பிட்டேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார். அழுதுகொண்டே தட்டை இழுத்து வைத்துச் சாப்பிடவும் செய்தார். கணக்குதான் சரியாக இருக்கிறதே, பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.